செக்ரோலில் இருக்கிறாள் என் பூட்டி

சில ஆண்டுகளுக்கு முன், நான் பதிவுத் துறையில் எழுத்தராக இருந்தபோது, டர்பனிலிருந்து ஒருவர் எங்கள் அலுவலகப் படியேறி வந்தார். பெயரின் வாலில் தமிழ் இருந்தது, வாயில் இல்லை. கையில் ஒரு தாள் வைத்திருந்தார். அவருடைய கொள்ளுப்பாட்டி சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியபோது எழுதிய பட்டியலின் நகல் அது. அவளுக்கு ஓர் எண் இருந்தது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, சேலம் ஜில்லா, உயரம் என எல்லாம் இருந்தன. இடது முழங்காலில் ஒரு தழும்பு என்றுகூட எழுதியிருந்தார்கள். அந்த ஊர் இப்போது எந்தத் தாலுகாவில் சேர்ந்திருக்கிறது என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார். சொன்னேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. வயிற்றெரிச்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் டர்பனில் கரைசேர்ந்தது தொடங்கி 1911 வரை, நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் சென்னையில் கப்பலேறியவர்கள். கரும்புத் தோட்டத்தில் அவர்கள் பட்ட பாடு ஊரறிந்தது. ஆனாலும் அத்தனை பேருக்கும் எண் உண்டு, ஏடு உண்டு. பேரன் பேத்திகள் கணினியில் தட்டி எடுத்துவிடுகிறார்கள். ஏறத்தாழ அதே காலத்தில், அதே சேலம் ஜில்லாவிலிருந்து, கடல் தாண்டாமல் பக்கத்து மலையில் ஏறியவள் என் பூட்டி. சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர்தான். அந்த முப்பது கிலோமீட்டரில் அவளை எழுதிவைக்க ஒரு குமாஸ்தாகூட உட்கார்ந்திருக்கவில்லை.

காரணம் தெரியாமல் இல்லை. கடல் கடந்து ஆள் அனுப்புவதற்குச் சட்டம் இருந்தது, துறைமுகத்தில் அதிகாரி இருந்தார், போய்ச் சேர்ந்த இடத்தில் இன்னோர் அதிகாரி இருந்தார். அடிமை முறையை ஒழித்த கையோடு அதே வேலைக்கு ஆள் பிடிப்பதால், லண்டனில் கேள்வி வருமே என்ற பயமும் இருந்தது. உள்நாட்டு மலைத்தோட்டங்களுக்கு அப்படி ஒரு பயமும் இல்லை. மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கூட்டி வருவார், அவ்வளவுதான். 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டப்படி முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடியவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம், சிறையில் போடலாம். ஆக, ஓடிப்போனவள் அரசாங்க ஏட்டில் ஏறுவாள். ஓடாமல் கடைசிவரை களை எடுத்தவள் ஏற மாட்டாள். என் பூட்டி ஓடவில்லை.

பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். மலைத்தோட்டங்களின் பழைய செக்ரோல்களை, அதாவது ஆள்பேர் சம்பளப் புத்தகங்களை, தோட்ட முதலாளியின் சொந்தக் காகிதம் என்று நினைப்பதை நாம் விட்டாக வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வேலை செய்த பெண்களுக்கு அதைவிட்டால் வேறு வம்சாவளிப் புத்தகம் கிடையாது. அரசு அதைப் பொது ஆவணமாக எடுத்துக் காக்க வேண்டும், அதுவும் சீக்கிரம்.

எங்கள் வீட்டுக் கதை இது. பூட்டியின் குடும்பம் காடையாம்பட்டிப் பக்கம். தாது வருஷப் பஞ்சத்தில், 1877 வாக்கில், கைக்குழந்தையாக இருந்த அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பழைய கணவாய் வழியாக மலை ஏறினார்கள். அந்தப் பஞ்சம் சேலம் ஜில்லாவை என்ன செய்தது என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கே போதும். 1871-ல் 19.67 லட்சம் பேர் இருந்த ஜில்லாவில் 1881-ல் எண்ணியபோது 16 லட்சம் பேர்கூட இல்லை. ஐந்து பேருக்கு ஒருவர் காணோம். செத்தவர்கள் பாதி, ஊரைவிட்டுப் போனவர்கள் மீதி என்று வைத்துக்கொண்டாலும், போனவர்கள் போன வழி இரண்டுதான். ஒன்று துறைமுகம், இன்னொன்று மலை. மேலே காப்பித் தோட்டத்தில் அரிசி கிடைக்கும் என்ற பேச்சை நம்பி ஏறியிருக்கிறார்கள்.

அவள் வளர்ந்து, கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்று, மற்றவர்களுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவச்சியாகி, கடைசியில் ஏற்காடு பஜாருக்குக் கீழே ஐந்து சென்ட் வீட்டுமனை தன் பெயரில் வாங்கினாள். தோட்டத்து லயன் வீட்டைவிட்டு வெளியே கால்வைத்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் அவள்தான். "மருத்துவச்சி ஆயா" என்றால் வயதான சிலருக்கு இன்றும் தெரியும். அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அதே பெயரில் மூன்று பேத்திகள் மலையில் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சங்கடம் வேண்டாம்.

இத்தனையும் வாய்வழிக் கதை. காகிதம் எங்கே என்று கேட்டால்தான் பிரச்சினை.

அதே மலையில் வேறு சிலருக்குக் காகிதத்துக்குப் பஞ்சமே இல்லை. ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர், 1863 மே மாதம் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர். ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் வாழ்ந்தார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். நினைவுக்கல் ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. அவர் முதலில் மணந்தது பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய அதே பெர்சிவல்தான். அவரும் 1882-ல் ஏற்காட்டிலேயே காலமானார். தொல்லியலாளர் சாந்தி பப்பு இந்தக் குடும்பத்தின் தடத்தைத் தேடி, ஃபுட்டின் சொந்த வாழ்க்கையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அது நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தேடல் சாத்தியமானதற்கு ஒரு காரணம் உண்டு. சென்னை மாகாணத்து வெள்ளைக்காரர்களின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றும் பதிவாகி, நகல்கள் லண்டனுக்குப் போய்ச்சேர்ந்தன. பிரிட்டிஷ் நூலகத்தில் அவை பத்திரமாக இருக்கின்றன. ஏற்காட்டில் வாழ்ந்து செத்த ஒரு துரைசானியின் கொள்ளுப்பேத்தி லண்டனில் உட்கார்ந்த இடத்திலேயே அவளைத் தேடிக்கொள்ளலாம். ஒரு துரைசானி சாயங்காலத்தில் வந்து உட்கார்வாள் என்பதற்காக ஒரு பாறைக்கே லேடீஸ் சீட் என்று பேர் நிலைத்துவிட்டது என்பார்கள். எந்தத் துரைசானி என்று கேட்காதீர்கள். அதைச் சொல்ல ஆளில்லை.

துரைமார் வரலாறும் ஒழுங்காக இருக்கிறதென்று நினைத்துவிட வேண்டாம். 1842-ல் கவர்னர் தாமஸ் மன்றோ ஏற்காட்டைக் கண்டுபிடித்தார் என்று சுற்றுலாத் துண்டறிக்கை முதல் இணையம் வரை எழுதிவைத்திருக்கிறார்கள். மன்றோ 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்தவர். செத்துப் பதினைந்து வருடம் கழித்து மலை ஏறினாரா? ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்து நட்டவர், 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன். கவர்னர் பெயரென்றால் சுவரொட்டியில் எடுப்பாக இருக்கும் போலிருக்கிறது.

"கண்டுபிடித்தார்" என்பதே எரிச்சல் தருகிறது. மன்றோவுக்கும் காக்பர்னுக்கும் என் பூட்டிக்கும் எத்தனையோ தலைமுறைக்கு முன்பே அந்த மலையில் மலையாளிப் பழங்குடிகள் ஊர்கட்டி இருந்தார்கள். நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம், தலைச்சோலை, வெள்ளக்கடை எல்லாம் அவர்கள் ஊர்கள். அவர்கள் சாமையும் ராகியும் விதைத்த சரிவுகளின் மேல்தான் காப்பி ஏறியது. எங்கள் குடும்பத்தில் சிலர் பூட்டியை "மலைக்கு முதலில் வந்தவள்" என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் வந்தவள், அவ்வளவுதான். அவள் வந்தபோது வழிகாட்டிய பெண்ணும் மலையாளிப் பெண்ணாகத்தான் இருந்திருப்பாள்.

அந்தப் பெண்களின் நிலை எங்களைவிட மோசம். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழியில் தாங்கள் வந்ததாக மலையாளிகளின் மரபுக்கதை சொல்கிறது. பெரியண்ணன் சேர்வராயனுக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுதிகளில் இது பதிவாகியிருக்கிறது. அண்ணன் தம்பிகள் பெயரோடு இருக்கிறார்கள். மலையில் அவர்கள் கட்டிக்கொண்ட பெண்கள் எந்தெந்தச் சாதி என்பது மட்டும் இருக்கிறது. ஒரு பழங்குடியின் அத்தனை பேருக்கும் ஆதித்தாய்களான மூன்று பெண்களுக்கும் பெயரில்லை. இது வெள்ளைக்காரன் செய்த வேலை என்று தள்ளிவிட முடியாது. நாமே சொல்லிக்கொடுத்தபோதே பெயரை விட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறோம்.

கீழ்நாட்டிலும் அதே கதைதான். எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி கும்பிடுவோம். குடும்பத்தில் சுமங்கலியாகச் செத்தவளுக்குப் புதுப்புடவை வைத்து, பூ வைத்து, கிணற்றடியிலிருந்து அழைத்துவந்து படையல் போடுவது. எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி யார் என்று என் அத்தையிடம் கேட்டேன். "அவதான் கண்ணு, பூவாடைக்காரி" என்றார். பேர் என்ன அத்தை என்றேன். "சாமிக்கு ஏது பேரு" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். 1951-52-ல் நடந்த நாட்டின் முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, தன் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே எழுதச் சொன்ன பெண்கள் ஏறத்தாழ 28 லட்சம் பேரைத் தேர்தல் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்க வேண்டிவந்தது. பெரும்பாலும் வடக்கே நடந்தது. தெற்கே நாம் பெயரைச் சொல்லிவிட்டோம், பிறகு மறந்துவிட்டோம்.

தேடிப் பார்த்ததில் மலைப்பெண்களின் பெயர் அகப்படும் இடங்கள் மிகச் சிலவே. கத்தோலிக்கக் கோயில் ஞானஸ்நானப் புத்தகம் ஒன்று. அதில் தாயின் பெயர் வரும், ஞானத்தாயின் பெயர்கூட வரும். கிறிஸ்தவர்களான தோட்டத் தொழிலாளர் குடும்பங்களால் இதனாலேயே எங்களைவிட இரண்டு தலைமுறை பின்னே போக முடிகிறது. எங்களுக்கு அந்த வாய்ப்பில்லை. பிறப்பு இறப்பைக் கிராம மணியக்காரர் எழுதிவந்தார். 1980 நவம்பரில் மணியக்காரர், கர்ணம் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. பரம்பரையாய்ப் பிடித்துவைத்திருந்த அதிகாரம் போனது சரியான காரியம்தான். ஆனால் ஆளை வீட்டுக்கு அனுப்பியபோது அவர் வீட்டுப் பரணில் இருந்த ஏடுகள் அத்தனையும் அலுவலகத்துக்கு வந்துசேர்ந்தனவா என்று யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இன்னோர் இடம், நான் வேலை பார்த்த இடமே. சார்பதிவகத்தின் ஒன்றாம் புத்தகம் அழிக்கக் கூடாத ஆவணம். பூட்டி வீட்டுமனை வாங்கிய கிரயம் அதில் இருந்தது. இன்னார் பெண்சாதி, வயது சுமார் 50, ஜீவனம் கூலி என்று எழுதியிருந்தது. மருத்துவச்சி என்று எழுதவில்லை. ரேகைப் புத்தகத்தில் அவளுடைய இடது பெருவிரல் பதிவு இருந்தது. நான் ஆயிரக்கணக்கான பேருடைய பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டி வைத்தவள். ரேகையைப் பார்த்தால் வேலை தெரியும். வயல் வேலை செய்தவர்களுக்குக் கோடு தெளிவாக விழாது, காப்பிப் பழம் பறித்த விரலுக்கு நுனி தேய்ந்திருக்கும். அவளுடையது பாதிக்குமேல் வெறும் கறுப்பு. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அடுத்த டோக்கன் கூப்பிட்டுவிட்டார்கள்.

சொத்து வாங்கியவளுக்குக் கிரயப் பத்திரம் உண்டு. வாங்காதவளுக்கு? அவள்தான் நூற்றில் தொண்ணூற்றொன்பது.

அங்கேதான் செக்ரோல் வருகிறது. ஓய்வுபெற்ற எஸ்டேட் ரைட்டர் ஒருவர், முதலாளி மாறியபோது தூக்கிப்போட இருந்ததில் இரண்டு புத்தகத்தை எடுத்து வீட்டில் வைத்திருந்தார். 1931 முதல் 1934 வரை. இங்கிலீஷ் எழுத்து, நீளவாக்கில் கோடு. மேஸ்திரி பெயர் மேலே, அவருடைய ஆட்கள் கீழே. ஆள் எண், பெயர், அப்புறம் மாதத்தின் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கட்டம். முழு நாளுக்கு ஒன்று, அரை நாளுக்கு அரை, வராத நாளுக்குக் கோடு. கடைசியில் நாள் கூட்டல், கூலி, அரிசிப் பிடித்தம், முன்பணப் பிடித்தம், கைக்கு வந்தது. பல மாதங்களில் கைக்கு வந்தது ஒன்றுமில்லை.

பூட்டி இருந்தாள். ஒரே ஆளின் பெயரை ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு விதமாக எழுதியிருந்தார் அந்த ரைட்டர். எண்தான் மாறவில்லை, எண்ணை வைத்துத்தான் பிடித்தேன். அப்போது அவளுக்கு அறுபதை நெருங்கிய வயது. அவளுக்கு நேரே எப்போதும் அரைதான். பிள்ளைக்காவல் பார்த்திருப்பாள், வயதான பெண்களுக்குத் தோட்டத்தில் கொடுக்கும் வேலை அதுதான். அவளுக்கு இரண்டு வரி கீழே என் அப்பாயி, பூட்டியின் மருமகள். முழுக் கூலி. 1932-ல் ஒரு மாதம் பாதியிலிருந்து கட்டங்கள் வெறுமனே கோடாக ஓடுகின்றன, அடுத்த மாதமும் பாதி வரை. பிறகு மறுபடியும் ஒன்று, ஒன்று, ஒன்று. என் பெரியப்பாவின் பிறந்தநாள் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் வைத்ததுதான். இந்தக் கோடுதான் அவர் பிறந்த மாதம். அதே நாட்களில் பூட்டிக்கும் பத்து நாள் கோடு. மருமகளுக்குப் பேறுகாலம் பார்க்க இருந்துவிட்டாள். ஒரு மாமியார் தன் அரைக்கூலியை விட்டுக்கொடுத்ததற்கு எங்கள் குடும்பத்தில் எழுத்துச் சாட்சி இது ஒன்றுதான்.

பெண்களின் கூலி ஆண்களுடையதைவிடக் குறைவு, அது எல்லாத் தோட்டத்திலும் இருந்த வழக்கம். 1933-ல் ஆட்கள் குறைகிறார்கள். உலகம் முழுக்க மந்தம் வந்து விளைபொருள் விலை விழுந்த காலம் அது. நியூயார்க்கில் விழுந்த விலைக்கு ஏற்காட்டில் எந்தெந்தப் பெண்ணுக்கு வேலை போனது என்று பெயரோடு சொல்லும் ஆதாரம் இந்தப் புத்தகம். எந்தப் பொருளாதாரப் பேராசிரியரிடம் இது இருக்கிறது? 1934-ல் ஒரு மாதம் பூட்டியின் எண் வேறொருத்திக்குப் போய்விடுகிறது. அந்த ஆண்டின் சாவுப் புத்தகம் கிடைக்காததால், செத்தாளா, நிறுத்தினார்களா என்பது எங்களுக்குத் தீராத வழக்காகிவிட்டது. சித்தப்பா ஒரு கட்சி, நான் ஒரு கட்சி.

மீதிப் புத்தகங்கள்? சேர்வராயன் மலையில் தோட்டங்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. பங்களா விடுதியாகிறது, ஸ்டோர் ரூம் சாப்பாட்டுக் கூடமாகிறது. அங்கே அடுக்கியிருந்த காகிதம் எடைக்குப் போகிறது. எடைக்குப் போடுவது குற்றமும் கிடையாது. கூலிப் பதிவேடுகளைச் சில ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பதுதான் விதி. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் மத்திய அரசின் காகிதங்களைப் பற்றியது, எஸ்டேட் பரணை எட்டிப் பார்க்காது. 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்ததிலிருந்து பிள்ளைக்காப்பகம், மகப்பேறு, விடுப்பு என்று பெண்களைப் பற்றிய பதிவு கூடியது. அதுவும் இப்போது எழுபது வருடப் பழசு, எடைக்குப் போகும் வயது.

மறுப்புகள் எனக்குத் தெரியும். முதலாளிகள் பயப்படுவார்கள், பழைய பாக்கி கேட்டு வழக்கு வருமோ என்று. 1930-களின் கூலிப் பாக்கிக்கு இன்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லாது. கால வரம்புச் சட்டம் எதற்கு இருக்கிறது? வேண்டுமானால் எழுபத்தைந்து ஆண்டு ஆகாத புத்தகத்தை யாருக்கும் காட்டக் கூடாது என்று நிபந்தனை வைத்துக்கொள்ளட்டும்.

என் தம்பி சொன்ன மறுப்பு இதைவிடக் கனமானது. "அதை ஏங்க்கா கிளறணும்? நாம கூலிக்காரங்கன்னு ஊருக்குச் சொல்லணுமா? சாதி வேற எழுதியிருக்கும்." அவன் பிள்ளைகள் சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கும்போது எதையெல்லாம் விட்டுவிட்டு இறங்கினோம் என்பது அவனுக்குத் தெரியும், அதைத் திரும்பத் தூக்க அவனுக்கு இஷ்டமில்லை. அவனோடு எனக்குச் சண்டையில்லை. பார்க்க விரும்பாதவர் பார்க்க வேண்டாம். ஆனால் அவன் பேத்தி ஒருநாள் கேட்டால், எரித்துவிட்டோம் என்று சொல்ல அவனுக்கோ எனக்கோ உரிமை இருக்கிறதா? டர்பன்காரர் கொண்டுவந்த அந்தப் பட்டியலிலும் சாதி இருக்கிறது. அந்த மனிதர் அதைக் கூசாமல் என் மேசையில் வைத்தார்.

இது பொழுதுபோகாதவர்களின் வேலை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாடு 1989-லேயே மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம உரிமை கொடுத்துவிட்டது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவு, மத்திய அரசு தனியே அறிவிக்காதவரை பழங்குடிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. இதைத் திருத்துவது பற்றி யோசிக்கும்படி 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குச் சொன்னது. நாகலூரில் ஒரு மலையாளிப் பெண் தன் பாட்டி வழி நிலத்தில் பங்கு கேட்டால், சட்டத்தோடு போராடுவது ஒரு பக்கம், அந்தப் பாட்டி இருந்தாள் என்று காட்டுவது இன்னொரு பக்கம். பழங்குடிச் சாதிச் சான்றுக்கும் அப்படித்தான், அப்பன் பாட்டன் காகிதத்தைக் கொண்டா என்கிறார்கள். அதே மலையாளிகள் ஈரோடு மாவட்டத்தில் பர்கூர் மலையில் இருந்தால் பட்டியலில் வர மாட்டார்கள், பட்டியலில் உள்ள மாவட்டப் பெயர்கள் அப்படி. வம்சாவளி வசதியானவர்களின் ஓய்வுநேர ஆசை என்று யார் சொன்னது? இல்லாதவர்களிடம்தானே அரசாங்கம் அதைத் தினமும் கேட்கிறது?

செய்ய முடியாத காரியமும் இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், தமிழ்நாட்டு வீடுகளில் கிடந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புக் காகிதங்களை வீட்டுக்காரர் கையிலேயே விட்டுவிட்டுப் படம் மட்டும் எடுத்து, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். காகிதம் உங்களுடையது, படம் எல்லாருக்கும். செக்ரோலுக்கும் அதே வழி போதும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, தொழிலாளர் துறையிடம் எந்தெந்தத் தோட்டம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் இருக்கிறது. எஸ்டேட் கைமாறிப் பத்திரம் பதிவுக்கு வரும்போது, பழைய ஆள்பேர்ப் புத்தகங்களைக் காப்பகத்துக்குக் காட்டியாகிவிட்டது என்று ஓர் உறுதிமொழித் தாள் கேட்டால் போதும். பதிவுக்கு வரும்போது இருபது தாள் கேட்கிறோம், இருபத்தொன்றாவதைக் கேட்டால் யாரும் செத்துவிட மாட்டார்கள். நான் கேட்டு வாங்கிய தாள்களில் பாதி இதைவிட உபயோகமற்றவை.

கூடவே மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1921 கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாள்களை நூறு ஆண்டு பூட்டிவைத்து, 2022 ஜனவரியில் திறந்துவிட்டார்கள். நம்மிடம் எண்ணிக்கை மிஞ்சுகிறது, ஆள் மிஞ்சுவதில்லை. 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் தனியாள் விவரத்தை யாருக்கும் காட்டக் கூடாது என்கிறது. உயிரோடு இருப்பவர்களுக்கு அது நியாயமான பாதுகாப்பு. நூறு வருடம் கழித்துமா? 2027 கணக்கெடுப்பு கணினியிலேயே நடக்கப்போகிறது. சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால், 2127-ல் ஒரு கொள்ளுப்பேத்தி நம்மைத் தேடிக்கொள்வாள்.

அரசு அசையும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா நடக்கும், அண்ணா பூங்காவில் மலர்க்கண்காட்சி வைப்பார்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவும் அதே மாதம்தான், குகைக்குள் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட சுற்றியுள்ள மலையூர்கள் எல்லாம் திரண்டு வரும். மாவட்ட நிர்வாகம் அந்த நாட்களில் ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், இங்கிலீஷ் கையெழுத்துப் படிக்கத் தெரிந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகளை உட்காரவைக்கட்டும். பழைய செக்ரோல், பிரசவச் சீட்டு, பி.எஃப். அட்டை, ரேஷன் கார்டு, பேறுகாலப் பணம் வாங்கிய துண்டு, எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். கொண்டுவர ஒன்றுமில்லை என்றால் வீட்டில் இருக்கிற மூத்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவருடைய அம்மா பெயரையும் அம்மாவின் அம்மா பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். ரேகை பிடிக்கவும் பெயர் எழுதவும் எனக்குத் தெரியும், மே மாதத்தில் எனக்கு வேறு வேலையும் இல்லை.